இருபது வயது ஆம்னி: எதைச் சரிசெய்வது, எங்கே நிறுத்துவது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல், படிக்க வசதியாகத் தொகுக்கப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு பழைய வேனைப் பற்றியது. எங்க வீட்டு மாருதி ஆம்னி, 2005-இல் பதிவான வண்டி. மூன்று வருஷமா நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசல்ல, ஷெட்டுக்குக் கீழே அசையாம நின்னுட்டிருந்தது. இந்த வருஷம் ஆர்.சி. முடியுற நேரம். பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து சுற்றிப் பார்த்துட்டு ஒரு விலை சொன்னார். தம்பி, "கொடுத்துடலாம்ண்ணா. அதோட கொஞ்சம் போட்டா செகண்ட் ஹேண்ட்ல நல்ல காரே வாங்கலாம்"னு சொன்னான். காசுக் கணக்குப் பார்த்தா அவன் சொன்னது சரிதான்.

ஆனா எங்க வீட்டுல வேற ஒரு கணக்கு இருக்கு. அப்பா சுரங்கத்துல கன்வேயர் பராமரிப்புல ஃபிட்டரா இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்த பிறகு வலது கை, கால் இரண்டுக்கும் பலம் குறைஞ்சுபோச்சு. காரில் ஏத்தணும்னா தலையைக் குனிய வைக்கணும், காலைத் தூக்கி உள்ளே மடக்கணும், அதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்கிடும். ஆம்னியில் பக்கக் கதவைப் பின்னாடி முழுசாத் தள்ளிடலாம். நடு சீட்டில் பக்கவாட்டில் உட்கார வச்சு, காலை மட்டும் திருப்பினா போதும். பிசியோதெரபிக்கு வாரம் மூணு நாள் போகணும். அதனால இந்த வண்டியை விடுறதா வேண்டாமாங்கிறது எங்களுக்கு வெறும் ஆசைக்கான கேள்வி இல்ல.

வண்டியைப் பற்றி முதல்ல சுருக்கமாச் சொல்லிடறேன். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது. 1988-இல் ஆம்னி ஆனது. 2019-இல் உற்பத்தி நின்றது. 35 வருஷம்! பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், சமையல் கான்ட்ராக்டர் வண்டி, நம்ம சினிமாவில் ஆளைக் கடத்துற வண்டி, எல்லாம் இதுதான். எஞ்சின் 796 சி.சி., மூன்று சிலிண்டர். அது முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் எஞ்சின். பின் சக்கரம்தான் இழுக்கும். எளிமையான வண்டி, பாகம் இன்னும் கிடைக்குது. வீட்டு வாசலில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி குறைவு.

நிறுத்துற கோட்டை முதல்ல எழுதுங்க

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் ஸ்பேனரை எடுக்கல. அப்பா எடுக்க விடல. "முதல்ல ஒரு நோட்டு எடு. எந்த எந்த விஷயம் இருந்தா இந்த வண்டியை விட்டுடறதுன்னு எழுது. கழட்ட ஆரம்பிச்சுட்டா அப்புறம் மனசு விடாது"ன்னார்.

நெய்வேலிக்காரங்களுக்கு இது புதுசில்ல. இந்த ஊரே பழைய இயந்திரத்தைப் பராமரிச்சு வாழ்ந்த ஊர். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டின முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1962-இல் ஓட ஆரம்பித்தது. அந்த நிலையம் 2020 வரைக்கும் ஓடியது. 58 வருஷம். சும்மா விட்டிருந்தா ஓடியிருக்காது. ஷட்டவுன் எடுத்து, திறந்து பார்த்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பக் கட்டி ஓட்டினாங்க. அதே மாதிரி, ஒரு நாள் போதும்னு முடிவு பண்ணி நிறுத்தவும் செய்தாங்க. பராமரிப்புன்னா இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

நாங்க நோட்டில் மூன்று கோடு எழுதினோம்.

ஒன்று, சீட் பெல்ட் பொருத்துற இடம், சீட் போல்ட் உட்காருற இடம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டுற கொக்கி, ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கிற இடம், இந்த நான்கில் ஒன்றாவது துருப்பிடித்து உளுத்துப் போயிருந்தால் வண்டி வேண்டாம்.

இரண்டு, பிரேக் முழுசா புதுசாக்க முடியலைன்னா வண்டி வேண்டாம். அரைகுறையா ஓட்டுறது இல்ல.

மூன்று, செலவு. ஒரு தொகை எழுதினோம். அதைத் தாண்டினால் நிறுத்திடணும். உங்க தொகை வேறயா இருக்கும். ஆனா எழுதியே ஆகணும்.

துருவைத் தேடுறது

பழைய வண்டின்னதும் எல்லாரும் எஞ்சினைத்தான் பார்க்கிறாங்க. ஆம்னியில் எஞ்சின் கெட்டால் வேற எஞ்சின் கிடைக்கும். பாடி போனா வண்டியே போச்சு.

ஒரு டார்ச், ஒரு பழைய திருப்புளி, ஒரு காந்தம். இவ்வளவுதான் தேவை. மேட்டை எல்லாம் எடுத்து வெளியே போடுங்க. மேட்டுக்கு அடியில் இருக்கிற தரைத் தகடு, பக்கக் கதவுக்குக் கீழே ஏறுற படி, கதவு ஓடுற கீழ் ரெயில், சக்கர வளைவோட உள்பக்கம், பேட்டரி உட்காருற தட்டு, முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே, கதவோட அடிவிளிம்பு. இங்கெல்லாம் திருப்புளிப் பிடியால தட்டுங்க. நல்ல தகடு 'டங்'குன்னு சத்தம் தரும். உளுத்த தகடு மந்தமாச் சத்தம் தரும். சந்தேகமா இருந்தா முனையால அழுத்துங்க. உள்ளே இறங்கினா அது தகடு இல்ல, பெயிண்டும் துருவும்தான்.

காந்தம் எதுக்குன்னா, பட்டி பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்க. மேலே வழவழன்னு இருக்கும், காந்தம் ஒட்டாது. அங்கே இரும்புக்குப் பதிலா பட்டிதான் கனமா இருக்குன்னு அர்த்தம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போறவங்க பாக்கெட்ல ஒரு காந்தம் வச்சுக்கிறது நல்லது.

நம்ம ஊருல வண்டி ஏன் இப்படித் துருப்பிடிக்குதுன்னு கேட்கலாம். கடலூர் கடற்கரை 40 கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு. வடகிழக்குப் பருவமழையில் மாசக்கணக்குல ஈரம். அதோட ஊர் முழுக்க மரம். 2011 டிசம்பர்ல தானே புயல் நிறைய மரத்தைச் சாய்ச்சாலும் இன்னமும் டவுன்ஷிப் நிழலாத்தான் இருக்கு. அந்தச் சருகும், நுண்ணிய தூசியும் சேர்ந்து கதவோட அடியில் இருக்கிற தண்ணி வடியுற சின்ன ஓட்டையை அடைச்சுடும். கதவுக்குள்ள இறங்கின மழைத் தண்ணி வெளியே போக வழி இல்லாம அங்கேயே நிக்கும். துரு பெரும்பாலும் உள்ளேருந்து வெளியே வருது. வெளியே ஒரு கொப்புளம் தெரியுதுன்னா உள்ளே ஏற்கெனவே நிறைய அரிச்சிருக்கும். நிக்கிற வண்டியா இருந்தாலும் வருஷம் இரண்டு தடவை அந்த ஓட்டையை ஒரு கம்பியால குத்தி விடுங்க. காசே செலவாகாத பராமரிப்பு இது.

எங்க வண்டியில் இடதுபக்கப் படி முழுசா ஓட்டை. டிரைவர் காலடியில் உள்ளங்கை அளவு ஓட்டை. ஆனா நோட்டில் எழுதின நான்கு இடமும் கெட்டியா இருந்தது. ஸ்பிரிங் கொக்கியைச் சுத்தி மேல்துரு மட்டும்தான். அதனால ஆரம்பிச்சோம்.

வீட்டில் எது, பட்டறையில் எது

இதைப் பிரிச்சுக்கணும். வெல்டிங் வீட்டில் வேண்டாம். அதுக்கு ஒரு நல்ல டிங்கர் வேணும். ஓட்டை விழுந்த இடத்தில் பழைய தகட்டுக்கு மேலே புதுத் தகட்டை வச்சு ஒட்டுறவங்க இருக்காங்க. அப்படிச் செய்தா இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் உட்கார்ந்து ஒரே மழைக்காலத்தில் திரும்ப உளுத்துடும். நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டி எடுத்துட்டுத்தான் புதுத் தகடு வைக்கணும். இதை டிங்கர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

வெல்டிங் போறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டணும். சீட், மேட், கூரைத் துணி எது பக்கத்தில் இருந்தாலும் எடுத்துடணும். பெட்ரோல் டேங்க் பக்கம் வேலைன்னா டேங்கையே இறக்கிடணும். காலி டேங்க்தானேன்னு நினைக்காதீங்க. பெட்ரோலைவிட பெட்ரோல் ஆவிதான் சீக்கிரம் பத்தும். பக்கத்தில் ஒரு ஆள் தீயணைப்பானோட நிக்கணும்.

வீட்டில் நாங்க செய்தது மேல்துரு எடுக்கிற வேலை. கம்பி பிரஷ், உப்புத்தாள், அப்புறம் துருவை மாற்றுற திரவம். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அதனால கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நல்லாக் காய்ந்த பிறகு பிரைமர். இரண்டு தகடு சேருற இடத்தில் சீலன்ட். அதுக்கு மேலே பெயிண்ட். கடைசியாத்தான் அடிப்பாகத்துக்குக் கருப்புக் கோட்டிங். பல பேர் துருவை எடுக்காம நேரா கருப்புக் கோட்டிங் அடிச்சுடறாங்க. பார்க்க அழகா இருக்கும். உள்ளே ஈரம் மாட்டிக்கிட்டு துரு இரண்டு மடங்கு வேகமா வளரும்.

இன்னொண்ணு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி வச்சு வேலை பார்க்கிறதை நான் நிறைய வீட்டு வாசல்ல பார்க்கிறேன். அது சொல்லாம கொள்ளாம உடையும். இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கேட்டாவது வாங்குங்க. தரையில் நிக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. சாவி உங்க பாக்கெட்ல இருக்கணும். சுரங்கத்துல ஒரு மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கரண்ட்டைத் துண்டிச்சு, அட்டை மாட்டி, பர்மிட் வாங்கித்தான் வேலை. அப்பா சேர்ல உட்கார்ந்தபடியே அதையே எனக்கும் நடத்தினார். "சாவி எங்கடா? கையில காட்டு"ன்னு கேட்டுட்டுத்தான் அடியில் போக விடுவார். கழட்டின ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனி டப்பாவில், மேலே பெயர் எழுதின சீட்டோட.

பிரேக், டயர்

மூன்று வருஷம் நின்ன வண்டியில் பிரேக் ஆயில் கெட்டிருக்கும். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிற திரவம். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும், உள்ளே உலோகமும் அரிக்கும். பின் டிரம்முக்குள்ள இருக்கிற வீல் சிலிண்டர் இறுகிப் போயிருக்கலாம். ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கலாம். நாங்க மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர், ஹோஸ், ஷூ எல்லாம் மொத்தமா மாற்றினோம். இது நானே செய்யல. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் வீட்டுக்கு வந்து செய்தார், நான் கூட நின்னேன். பிரேக்கில் கற்றுக்கிறதுன்னா தெரிஞ்சவர் பக்கத்தில் இருந்துதான் கற்றுக்கணும்.

டிரம்மைக் கழட்டினதும் உள்ளே இருக்கிற தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீங்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஈரத் துணியால துடைச்சு எடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு சோதனை. வண்டியை ஸ்டார்ட்ல வச்சு பிரேக்கை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க. பெடல் மெதுவா கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கு. ஓட்டக் கூடாது.

டயரில் பட்டன் நிறைய இருந்ததுன்னு தம்பி சொன்னான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும் பாருங்க. 2318-ன்னா 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருக்கும். பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்பு இருந்தது. மாற்றிட்டோம்.

பெட்ரோல், எஞ்சின்

மூன்று வருஷப் பெட்ரோலை வச்சு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. இப்போ நம்ம பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் தண்ணியை இழுக்கும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து டேங்கோட அடியில் தனியா இறங்கிடும். 2005-இல் செய்த வண்டியோட ரப்பர் குழாய்கள் இந்தப் பெட்ரோலை நினைச்சுச் செய்ததும் இல்ல. அதனால டேங்கைக் காலி பண்ணி, கழுவி, பெட்ரோல் போற ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் புதுசா, எத்தனால் தாங்குற ரகமா மாற்றினோம். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியில் ஹோஸ் கசிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எஞ்சின் கதை சுருக்கமானது. மூன்று பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விட்டோம். மறுநாள் செல்ஃப் அடிக்காம ஸ்பேனரால கையில் சுற்றிப் பார்த்தோம். இறுக்கம் இல்லாம சுற்றியது. ஆயில், ஃபில்டர், பிளக், கூலன்ட், டைமிங் பெல்ட். பெல்ட் எவ்வளவு ஓடினதுன்னு மட்டும் பார்க்காதீங்க, எத்தனை வயசுன்னும் பாருங்க. ஆம்னியில் ரேடியேட்டர் முன்னாடி, எஞ்சின் சீட்டுக்கடியில். நடுவில் நீளமான குழாய். கூலன்ட் ஊற்றும்போது காற்று மாட்டிக்கிட்டா வண்டி சூடாகும். பொறுமையா காற்றை வெளியே எடுக்கணும்.

"காஸ் போட்டுடலாமே, செலவு குறையும்"னு சில பேர் சொன்னாங்க. எல்.பி.ஜி. ஆம்னியைக் கம்பெனியே விற்றிருக்கு. அங்கீகரிச்ச கிட், அதுக்குரிய டேங்க், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை டேங்க் சோதனை, ஆர்.சி.யில் பதிவு, இப்படியெல்லாம் முறையாப் போட்டா அது வேற. சமையல் சிலிண்டரை உள்ளே வச்சு ஓட்டுறது சட்ட விரோதம். அதைவிட முக்கியம், மூடின வண்டிக்குள்ள காஸ் கசிஞ்சா ஒரு பொறி போதும். நடக்க முடியாத ஒருத்தரை உட்கார வைக்கிற வண்டியில் அதை நினைச்சே பார்க்க முடியாது.

சக்கர நாற்காலி ஏத்துறதுக்குத் தரையை வெட்டி மாற்றலாமான்னும் யோசிச்சோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றுத் திறனாளிக்காக மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி வழி உண்டு. எங்களுக்கு அவ்வளவு தேவைப்படல. கனமான பிளைவுட் பலகையில் ஒரு தனிப் படி செய்தோம். இறங்கும்போது கீழே வைப்போம், ஏறினதும் உள்ளே எடுத்துப் போட்டுடுவோம். மேலே உப்புத்தாள் ஒட்டினதால வழுக்காது.

காகிதம்

தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். படிவம் 25. ஆர்.சி. முடியுறதுக்கு முந்தின 60 நாளுக்குள்ள விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆய்வுக்கு நேர்ல காட்டணும். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் சரியா இருக்கணும். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி 20 வருஷம் தாண்டின இலகு ரக வண்டிக்கு 10,000 ரூபாய். இதையும் அந்தச் செலவுக் கோட்டுக்குள்ள சேர்த்துத்தான் நாங்க கணக்குப் போட்டோம்.

விட்டுடறதுன்னு முடிவு பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய இரும்புக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துடாதீங்க. அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் சான்று தருவாங்க. அதை வச்சு ஆர்.சி.யை ரத்து பண்ணுங்க. இல்லைன்னா உங்க பெயர்லயே அந்த வண்டி எங்கயாவது ஓடிட்டிருக்கும்.

சரிசெய்ய முடியாதது

இப்போ வண்டி ஓடுது. ஆய்வும் முடிஞ்சு ஆர்.சி. வந்தாச்சு. ஆனா ஒண்ணை வெளிப்படையாச் சொல்லணும். எவ்வளவு நல்லா ரிப்பேர் பண்ணினாலும் ஆம்னி ஆம்னிதான். டிரைவரோட முட்டிக்கு முன்னாடி ஒரு தகடு, அதுக்கு முன்னாடி ரோடு. ஏர்பேக் கிடையாது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்ற முடியாமத்தான் அதை நிறுத்தினாங்க. நாம துருவை எடுக்கலாம், பிரேக்கைப் புதுசாக்கலாம். முன்னாடி இல்லாத எஞ்சினை முன்னாடி கொண்டுவர முடியாது.

புதுச்சேரி ஜிப்மருக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். 60 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். இதிலேயே போயிடலாம்னுதான் எனக்கு ஆசை, செலவும் மிச்சம். அதைப் பேசும்போது அப்பா ஒத்துக்கல. "டவுன்ஷிப்புக்குள்ள ஓட்டு. வடலூர் வரைக்கும் ஓட்டு. 40-க்கு மேல போகாதே. புதுச்சேரிக்கு வாடகை வண்டி எடு. ஏறக் கஷ்டமா இருந்தா நான் பொறுத்துக்கிறேன். நீ முன் சீட்டுல உட்கார்ந்திருக்கும்போது பின்னாடி நான் நிம்மதியா வர முடியாது"ன்னார். அதையும் நோட்டில் நான்காவது கோடா எழுதிட்டோம். இப்போ வாரம் மூணு நாள் பிசியோதெரபி, ஞாயித்துக்கிழமை மெயின் பஜார். அதுக்குத்தான் இந்த வண்டி.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்க இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. மேட்டைத் தூக்கி அடியில் பாருங்க. கதவோட அடியில் தண்ணி வடியுற ஓட்டை திறந்திருக்கான்னு பாருங்க. டயரோட நான்கு இலக்க எண்ணைப் படிங்க. மூணும் சேர்ந்து பத்து நிமிஷம்தான். என்ன கண்டீங்கன்னு எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோடில் பேசலாம்.